இடது கைக் கீறல்

1

லண்டனைப் பற்றி எழுதுங்கள் என்று பத்திரிகாசிரியர் மூன்று கடிதம் போட்டுவிட்டார். பனி எப்படி விழுகிறது, பூமிக்கு அடியில் ரயில் எப்படி ஓடுகிறது, வெள்ளைக்காரர்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வாசகர்கள் கேட்கிறார்களாம். பனி வெள்ளையாக விழுந்து கறுப்பாகக் கிடக்கிறது. ரயில் மின்சாரத்தில் ஓடுகிறது. உருளைக்கிழங்கு சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான். இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

போன புரட்டாசியோடு நான் ஆம்பூரை விட்டுப் பதினைந்து வருஷம் ஆயிற்று. தேம்ஸ் நதிக்குத் தெற்கே பெர்மாண்ட்ஸே என்று ஒரு பேட்டை இருக்கிறது. அங்கே ஒரு தோல் கிடங்கின் மேல்மாடியில் எனக்கு வேலை. நம் பக்கத்து டேனரிகளில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி, காய்ந்து, கட்டுக் கட்டாகக் கப்பலேறி வருகிற மாட்டுத்தோல்களைப் பிரித்துப் பார்த்து, இது முதல் ரகம், இது இரண்டு, இது மூன்று என்று சொல்ல வேண்டும். என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர்கள் நீலச் சாக்குக்கட்டியால் எண் போடுகிறார்கள். நான் ஆம்பூரில் பழகியபடி வால் ஓரத்தில் கத்தியால் கீறுகிறேன். ஒரு கீறல் என்றால் முதல் ரகம், மூன்று கீறல் என்றால் மூன்றாம் ரகம். சாக்குக்கட்டியை எடு என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்கள். கை கேட்டால்தானே. அதிலும் நான் இடது கைக்காரன், என் கீறல் மற்றவர்கள் கீறலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

வருஷா வருஷம் புரட்டாசியில் அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வரும். அண்ணன் பெயர் பாக்கியநாதன். நான் வேலை பழகிய ஆம்பூர் டேனரியில் ரகம் பிரிக்கிற மேஸ்திரி. பதினான்கு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. பிஸ்கோத்து டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். என் மனைவி சலோமிதான் அண்ணியாருக்கு எழுதுவாள். நான் தோல் வேலையில் இருக்கிறேன் என்பதற்கு மேல் எழுதக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு.

பதினைந்தாவது கடிதத்தில் நல விசாரிப்புக்குப் பிறகு இப்படி இருந்தது: "லண்டன்லேர்ந்து மூணு வருஷமா நம்ம சரக்கு ரகம் கம்மின்னு ரிப்போர்ட்டு வருது. என் கண்ணு போய்டுச்சின்னு இங்க பேசிக்கிறாங்க. முதலாளி என்னைப் பாயை விட்டு எழுந்து சுண்ணாம்புத் தொட்டிக்குப் போகச் சொல்லிட்டாரு. நீ அங்க தோல் வேலைல தான இருக்க. யாரையாவது கேட்டு, எங்க குறைன்னு ஒரு வரி எழுது தம்பி."

பாய் என்றால் தோல்களை விரித்துப் பிரிக்கிற பாய். ஒரு டேனரியில் அதன் பக்கத்தில் உட்காருகிறவனுக்குத்தான் மரியாதை. சுண்ணாம்புத் தொட்டி என்றால் முழங்கால் வரை சுண்ணாம்புத் தண்ணீரில் நிற்பது. அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது.

அந்த ரிப்போர்ட்டை மூன்று வருஷமாக எழுதி வருகிறவன் நான்தான்.

2

ஏன் அண்ணனோடு பேசுவதில்லை என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதே எனக்கு இன்னும் காது சுடுகிறது.

அப்போது நான் மிஷன் பள்ளியில் நாலாவது பாரம் முடித்து, டேனரியில் சேர்ந்து, ரகம் பிரிக்கப் பழகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தத் தெருவில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன். லண்டன் கம்பெனிக்குச் சரக்கு வாங்க ஒரு துரை வந்திருந்தார். நான் பிரித்து வைத்திருந்த கட்டைக் காட்டி, முதல் ரகம் என்று இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தேன். துரை தலையாட்டிக்கொண்டிருந்தார். வேலையாட்கள் நாற்பது பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள்.

அண்ணன் வந்தார். மேலிருந்து மூன்றாவது தோலை உருவினார். முழங்காலில் போட்டு மடித்து, கழுத்துப் பக்கத்தைத் தடவினார். தார்க்குச்சிக் குத்து. வண்டிக்காரன் ஆணிக்குச்சியால் குத்தி ஓட்டிய வடு, வண்டி மாட்டின் தோலில் அது இருக்கும். மேலே ஆறி மூடியிருந்தாலும் மடித்தால் புள்ளி புள்ளியாக எழும்பும். அவர் இன்னொரு தோலை உருவினார், இன்னொன்றை உருவினார். பிறகு கட்டு முழுவதையும் தூக்கி மூன்றாம் ரகத்தின் மேல் போட்டார். போட்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இவனுக்கு இங்கிலீஷ் தெரியும். தோல் தெரியாது."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மேஸ்திரி என்ன சொல்கிறார் என்று துரை என்னிடமே கேட்டார். என்னைப் பற்றிச் சொன்னதை நானே மொழிபெயர்க்க வேண்டும். சரக்கை மறுபடி அடுக்கிக் காட்டப்போகிறோம் என்று சொல்லி வைத்தேன். துரை மிகவும் சரி என்பது போலப் பெரிதாகத் தலையாட்டினார். இங்கிலீஷ் தெரியாத நாற்பது பேரும், அண்ணன் சொன்னதைத்தான் துரை ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்கள்கூடத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்த வாரமே கிளம்பிவிட்டேன். சென்னையில் கொஞ்ச நாள் இருந்தேன். பிறகு அதே துரையின் கம்பெனி, இந்தியச் சரக்கு தெரிந்த, இங்கிலீஷும் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டது. இங்கே வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, என் இங்கிலீஷ் ஆம்பூர் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகிற இங்கிலீஷ் என்று. பஸ் கண்டக்டர் மூன்று தடவை கேட்டுவிட்டு, கடைசியில் என் கையிலிருக்கும் காசைப் பார்த்து அவராகவே ஒரு சீட்டைக் கிழிக்கிறார். பதினைந்து வருஷமாக இதே கதை.

3

என் மகள் எஸ்தருக்குப் பதினொரு வயது. இங்கே பிறந்தவள். தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. நான் பேசும் இங்கிலீஷைத் திருத்துவதில் மட்டும் சுறுசுறுப்பு. கடைக்காரர் முன்னாலேயே திருத்துவாள்.

அந்தப் புரட்டாசியில்தான் அவள் பள்ளியில் ஒரு வாத்தியாரம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த அம்மாள் எழுந்து நின்று கை கொடுத்து, தோல் ஏற்றுமதி வியாபாரம் இப்போது எப்படி நடக்கிறது, சொந்தக் கப்பலில் அனுப்புகிறீர்களா என்று விசாரித்தார். எனக்கு முதலில் விளங்கவில்லை. எஸ்தர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் அப்பா பெரிய வியாபாரி என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். வேலை முடிந்து வரும்போது என் சட்டையில் தோல் வாசனை அடிக்கும், அதை யாரோ கேலி செய்தார்களாம், அதனால் சொன்னாளாம்.

நான் அவளோடு பேசுவதை நிறுத்தினேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள். உப்பு வேண்டுமென்றால் சலோமியிடம் சொல்லி அவள் மூலமாக வாங்கினேன். சலோமி காட்பாடிக்காரி. ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள், எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"இன்னாங்க இது, பதினொரு வயசுப் புள்ளையோட கா வுட்டுக்கினு," என்றாள். "அங்க அண்ணனோட பதினஞ்சு வருசம். இங்க பொண்ணோட எத்தினி வருசம்னு இப்பவே சொல்லிடுங்க. நான் அதுக்கேத்த மாதிரி உப்பு வாங்கி வெச்சிடறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

4

எங்கள் வீட்டு மேல்மாடியில் ஒரு டாக்டர் குடியிருக்கிறார். ஜெர்மனியில் ஆட்சி மாறிய பிறகு பெர்லினை விட்டு வந்தவர். உடம்புக்கு மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. நோயாளியைச் சாய்ந்து படுக்க வைத்து, மனதில் வருவதையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்கிற டாக்டர். இங்கே இன்னும் அவருக்கு ஒரு நோயாளியும் கிடைக்கவில்லை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சலோமி போடும் காப்பியைக் குடித்துக்கொண்டு என்னிடம் அவர் பேசுவார். அவருடைய இங்கிலீஷும் என் இங்கிலீஷும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் புரியாது, எங்களுக்குள் நன்றாகப் புரியும்.

பிறந்த குழந்தை, உலகத்துக்கே தான்தான் ராஜா என்று நினைக்கிறதாம். அழுதால் பால் வருகிறது, சிரித்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள், வேறெப்படி நினைக்கும்? வளர வளர அது உண்மையில்லை என்று தெரிகிறது. ஆனால் அந்த ராஜா சாவதில்லை. தன்னைப் பற்றி ஒரு படம் வரைந்து, உள்ளே மாட்டிவைத்து, அதைக் காவல் காக்கிறான். யாராவது அந்தப் படத்தின் மேல் விரல் வைத்துவிட்டால் போதும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வாயில் நுழையவில்லை. தன் மேல் தனக்குள்ள நேசத்தில் படுவதால், நான் தன்னேசக் காயம் என்று சொல்லிக்கொள்கிறேன். குத்தின ஊசி எவ்வளவு சின்னது என்பதற்கும் காயம் எவ்வளவு பெரிது என்பதற்கும் சம்பந்தமே இருக்காதாம். காயம் பட்டவன் வலிக்கிறது என்று ஒருநாளும் சொல்ல மாட்டானாம். நியாயம், ஒழுங்கு, கொள்கை என்றுதான் சொல்வானாம். மன்னிப்புக் கேட்டாலும் தீராதாம், ஏனென்றால் அந்தச் சம்பவம் நடக்காமலே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அவன் கேட்பது.

மனித குலத்துக்கே இப்படி மூன்று அடி விழுந்திருக்கிறது என்றும் ஒரு ஞாயிறு சொன்னார். பூமி நடுவில் இல்லை என்பது ஒன்று. மனிதனும் மிருக வம்சம்தான் என்பது இரண்டு. அவன் மனதுக்குள் அவனே எஜமான் இல்லை என்பது மூன்று. முதல் இரண்டும் எனக்கு வலிக்கவில்லை. பூமி எங்கே சுற்றினால் எனக்கென்ன, என் மேஜைக்கு வடக்கு வெளிச்சம் வந்தால் போதும். மூன்றாவதைக் கேட்டதும் எரிச்சல் வந்தது. என் மனதுக்கு நான் எஜமான் இல்லாமல் மேல்மாடிக்காரரா எஜமான்?

இவ்வளவு சொன்னவர் என்ன செய்தார் தெரியுமா? அயல்நாட்டார் வீடு மாறினால் போலீஸ் ஆபீசில் பதிவு செய்துகொள்ள வேண்டும். துணைக்கு என்னை அழைத்துப் போனார். பெயர், பிறந்த ஊர், தகப்பனார் பெயர், இந்த நாட்டுக்கு வந்த துறைமுகம் என்று பாரத்தில் இருபது கட்டம். ஒரு கட்டத்தில் நீல மசிக்குப் பதில் கறுப்பு மசி பட்டதற்கு வேறு பாரம் கொடுத்தார்கள். கடைசியில் குமாஸ்தா, டாக்டர் என்ற சொல்லை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டு, தொழில் இல்லை என்று எழுதினார். இந்த நாட்டுப் பரீட்சை எழுதாதவரை அப்படித்தான் எழுத வேண்டும், விதி அது. குமாஸ்தா மரியாதையாகத்தான் சொன்னார். டாக்டர் முகம் சிவந்து, தொப்பியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. காப்பிக்கும் இறங்கி வரவில்லை.

மூன்றாம் நாள் நானே மாடியேறி, இதுதானா உங்கள் சாஸ்திரம் என்று கேட்டேன். அவர் வெட்கப்படவில்லை. தெரிந்து வைத்திருப்பதால் காயம் படாமல் போகாது என்றார். "பட்ட பிறகு நான் யார் மேல் பாயப்போகிறேன் என்று பார்க்கலாம். அவ்வளவுதான் என் சாஸ்திரம்."

5

அந்த வாரம்தான் அண்ணனின் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, நியாயம் கிடைக்கட்டும் என்று டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். என் தரப்பு மிகச் சுத்தமாக இருந்தது. அந்த டேனரிச் சரக்கு என் மேஜைக்கு வர ஆரம்பித்ததே மூன்று வருஷமாகத்தான். வால் ஓரத்து முத்திரையைப் பார்த்தால் எந்த டேனரி என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பது அண்ணன் கீறல் என்றும் தெரியும். இருந்தும் அண்ணன் சரக்கு என்று ஒரு தோலைக்கூட நான் ஏற்றி விட்டதில்லை. பாரபட்சம் என் ரத்தத்தில் கிடையாது.

டாக்டர் காப்பியைக் கீழே வைத்தார். "ஏற்றியதில்லை. இறக்கியிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

அவர் எழுந்து போகிறாரா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் நான் வெளியே போய்விட்டேன். ஆற்றங்கரை வரை நடந்தேன். என் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு எவ்வளவு திமிர் என்று தமிழிலேயே திட்டினேன். தொழில் இல்லாத ஆள்தானே, குமாஸ்தா சரியாகத்தான் எழுதினார் என்றுகூட நினைத்தேன். நினைத்த பிறகுதான், யார் மேல் பாய்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை கிடங்கில் ஆம்பூர்க் கட்டு ஒன்று பிரிக்காமல் இருந்தது. என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெரியவரிடம் ஒரு உதவி கேட்டேன். அந்தக் கட்டையும் ஒரு வாணியம்பாடிக் கட்டையும் கலந்து, முத்திரையும் கீறலும் தெரியாதபடி வால் ஓரத்தை உள்ளே மடித்து, ஒவ்வொன்றாக என் மேஜையில் போடச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். கண்ணுக்குப் பரீட்சை என்றேன். அன்று எனக்குக் கத்தி இல்லை, நான் வாயால் சொல்ல அவர் சாக்குக்கட்டியால் எழுதினார்.

மத்தியானம் மடிப்புகளைத் திறந்து பார்த்தோம். ஆம்பூர்த் தோல் நாற்பதில் அண்ணன் கீறலும் என் கணக்கும் வேறுபட்டவை இரண்டே இரண்டு. அந்த இரண்டிலும் மறுபடி மடித்துப் பார்த்தபோது அண்ணன் போட்டதுதான் சரி. போன தடவை இதே டேனரிச் சரக்கில் பாதியை நான் கீழே இறக்கியிருந்தேன். உண்ணிக் கடி என்று எழுதியிருந்தேன். கத்திக் காயம் என்று எழுதியிருந்தேன். அவையெல்லாம் அந்தத் தோல்களில் இருந்தனவா என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுதும்போது எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, பொய் எழுதுகிறோம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்ததும் எஸ்தரிடம் உப்பை எடு என்றேன். எடுத்துக் கொடுத்தாள். நாலு பேர் சிரித்துவிடக் கூடாதே என்று அவள் வகுப்பில் சொன்னதும், நான் துரையிடம் சொன்னதும் ஒரே பொய்தான். பெற்ற பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. உப்பு சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதிலும் ஒரு வார்த்தையைத் திருத்தினாள்.

6

மானேஜரிடம் போய், மூன்று வருஷமாக இந்த ஒரு டேனரிச் சரக்கை நான் தாழ்த்தி எழுதிவிட்டேன் என்றேன். ஏன் என்றார். குழந்தை ராஜா, உள்ளே மாட்டிய படம் என்றெல்லாம் அவரிடம் விளக்க முடியுமா? மேஸ்திரி என் அண்ணன், பழைய மனஸ்தாபம் என்றேன். வேலையை விட்டு அனுப்பவில்லை. கம்பெனி ஆம்பூருக்குத் திருத்தம் எழுதும் என்றார். பிறகு மேல்மாடிக்கு வந்து எல்லோரையும் கூப்பிட்டு, இனி ஆறு மாதம் நான் பிரித்ததையெல்லாம் அந்தப் பெரியவர் மறுபடி பிரிப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ஆனால் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அண்ணனுக்கு நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். எப்படி ஆரம்பித்தாலும் மூன்றாவது வரியில், அன்றைக்கு நீங்கள் மட்டும் அப்படிப் பேசாமல் இருந்திருந்தால் என்று வந்து நிற்கிறது. சலோமி நாலையும் படித்துவிட்டு, நாலிலும் அண்ணன்தான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கிறது என்றாள். கடைசியில் இரண்டே வரி எழுதினேன். 'சரக்கில் குறை இல்லை அண்ணா. பார்த்து எழுதினவன் நான்.'

பதில் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதை அப்படியே தருகிறேன்.

"தம்பி, நீதான்னு எனக்கு மொதல் வருசமே தெரியும். குறை சொல்லித் திருப்பி அனுப்புன தோலுங்கள முதலாளி என்கிட்ட காட்டுனாரு. கீறல் எதிர்ப்பக்கம் சாஞ்சிருந்துச்சி. லண்டன்ல கத்தியால கீறுறவன், அதுவும் இடது கையால கீறுறவன், வேற எவன் இருக்கான். முதலாளிகிட்ட சொல்லல. சொன்னா உன் வேலை போய்டும். யாரையாவது கேட்டு எழுதுன்னு போட்டேன், நீயே சொல்றதுக்கு வழி இருக்கட்டுமேன்னு. அன்னிக்கி அத்தினி பேர் முன்னாடி உன்னைப் பேசுனது தப்பு. தனியா கூப்ட்டு சொல்லியிருக்கணும். தோலு மூணாம் ரகம்தான். கம்பெனிக் கடிதாசி வந்துச்சி. முதலாளி படிச்சி பீரோல வெச்சிட்டு, பாய்க்கு வான்னாரு. வந்துட்டேன். ஜனங்க மட்டும் இன்னும், பாவம் கண்ணு தெரியாத மேஸ்திரின்னுதான் பேசறாங்க. அது பரவால்ல. கால்ல சுண்ணாம்பு வெடிப்பு ஆறிக்கினு வருது."

படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். இதிலும் அவரே ஜெயித்துவிட்டார். மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தும் ஜெயித்துவிட்டார். மூணாம் ரகம்தான் என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அழுகை அதற்குப் பிறகு வந்தது.

7

பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். எல்லோர் முன்னாலும் தாழ்ந்து நிற்பதிலும் ஒரு ராஜா ஒளிந்திருப்பான், ஜாக்கிரதை என்றார். இருந்துவிட்டுப் போகட்டும். அந்த ராஜா இந்த ஒரு வேலையையாவது செய்யட்டும்.

அண்ணனுக்குக் கடிதம் எழுதப் படிக்கத்தான் வரும், இவ்வளவு நீளத்தைப் படிக்க மாட்டார். இந்தப் பத்திரிகை ஆம்பூர் ஸ்டேஷன் கடைக்கு வருகிறது என்று கேள்வி. யாராவது ஒருவர் வாங்கி, டேனரியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பாய் போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று உரக்கப் படியுங்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இருப்பவர்களையும் கூப்பிடுங்கள். அன்று சிரித்தவர்களில் பாதிப் பேராவது இன்னும் இருப்பார்கள். நான் துரையிடம் மாற்றிச் சொன்ன இடத்தில் அவர்கள் இன்னொரு முறை சிரிக்கலாம், இப்போது விஷயம் முழுவதும் தெரிந்து சிரிப்பார்கள்.

முடிவில் இதைச் சொல்லுங்கள். மேஸ்திரி பாக்கியநாதனுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அவர் சொன்னது அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி: அவருடைய தம்பிக்கு இங்கிலீஷ் தெரியும், தோல் தெரியாது. இந்த முறை நான் மாற்றிச் சொல்லவில்லை.